இருபத்திரண்டு பேர் பாக்கி

மாமனாரின் இடது கன்னத்தை மழித்து முடித்து, வலது கன்னத்தில் நுரையைத் தடவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மருமகளின் இரண்டு கையிலும் சோப்பு. சுண்டுவிரலால் திரையை இழுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். போனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போயிருக்க வேண்டும். மூன்று நாளாகக் கண்ணை மூடாதவளுக்கு அவ்வளவு யோசனை எங்கே ஓடும்?

"இன்னிக்குக் கிளம்ப முடியாது போலிருக்கு," என்றாள் நாத்தனார், கடல் தாண்டி எங்கோ இருந்து. அவளுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடமே கத்திக்கொண்டிருந்தது. "இன்னும் இருபத்திரண்டு பேர் பாக்கி. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருவேன். நாளன்னிக்குக் காலையில ஃப்ளைட். அப்பா எப்படி இருக்கார்?"

அப்பா பாதி முகம் வெள்ளையாக, கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இருக்கார், அண்ணி. நீங்க சீக்கிரம் வந்தா நல்லது," என்றாள் மருமகள். முந்தாநாள் டாக்டர் சொன்னதை அவர் காதுபட எப்படிச் சொல்வது?

"வராம இருப்பேனா? பிள்ளைங்ககிட்ட சொல்லிக்காம கிளம்பக் கூடாது. இங்க அதுதான் சட்டம்."

என்ன சட்டமோ, மருமகளுக்குத் தெரியாது. பாட்டு, கேக், குரூப் போட்டோ என்று ஏதோ பிரிவு உபசாரம் நடக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டாள். அங்கே மணி அடிக்கும் சத்தம் கேட்டது. வைத்துவிட்டாள் நாத்தனார்.

மாமனார் கண்ணைத் திறந்தார். நாற்பது வருஷம் பிளாட்பாரத்தில் கொடி பிடித்து நின்றவர். ஓய்வு பெற்று எத்தனையோ காலமாகியும் தெருவில் அவருக்கு ஸ்டேஷன் மாஸ்டர் என்றுதான் பெயர்.

"நாளன்னிக்கா?" என்று கேட்டார்.

"ஆமா மாமா. காலையில கிளம்பறாங்களாம்."

"லேட்டு," என்றார். சொல்லிவிட்டு, மிச்சத்தையும் மழித்து முடி என்பதுபோல வலது கன்னத்தைக் காட்டினார். விடிந்ததிலிருந்து ஷேவிங் வேண்டும் என்று அடம் பிடித்தவர் அவர்தான். பாப்பா வரும்போது தாடியும் மீசையுமாகக் கிடக்கக் கூடாதாம். பாப்பாவுக்கு வயது நாற்பத்தைந்து.

அவர் கட்டில் முன்னறைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஒரு நாள் காலையில் பல் தேய்க்கப் போனவர் குளியலறைத் தரையில் கிடந்தார். பக்கவாதம்; இடது பக்கம் விழுந்துவிட்டது. மருமகள் அப்போது ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தாள். கல்யாணப் படங்களில் பருக்களை அழிப்பது, மூடிய கண்ணைத் திறந்துவிடுவது, சண்டை போட்டுக்கொண்டு வந்த மாமனையும் மச்சானையும் சிரிக்க வைப்பது அவள் வேலை. கெட்டிக்காரி என்று முதலாளி வாயாலேயே பெயர் வாங்கியவள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். எந்த நேரத்தில் எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டு கத்துவார்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே வேலையை விட வேண்டியது யார் என்று வீட்டில் பேச்சே எழவில்லை. ஒரு மாதம்தான் என்றார்கள். அந்த ஒரு மாதம் இன்னும் முடிந்தபாடில்லை.

இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். துடைக்க வேண்டும், மாற்ற வேண்டும், மசித்துக் கொடுக்க வேண்டும். அவர் கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. கத்தியதில்லை, தட்டைத் தள்ளியதில்லை. ஆனால் மூன்று வருஷத்தில் ஒரு நல்ல வார்த்தை? ம்ஹூம். கூப்பிட வேண்டுமென்றால் "ஏம்மா" என்பார். அவ்வளவுதான். ரயில் நிலையத்தில் குடிதண்ணீர்க் குழாய்க்கு யாராவது நன்றி சொல்கிறார்களா என்ன!

புகழ் எல்லாம் நாத்தனாருக்கு. பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு வருஷத் தொண்டு என்று போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். பாலத்துக்கு அடியிலும் பஸ் நிலையத்திலும் படுத்துக் கிடந்த பிள்ளைகளைக் கொண்டுவந்து தங்கவைத்துப் படிக்கவைக்கிற பள்ளிக்கூடம். அறுபத்துநான்கு பிள்ளைகள். எழுத்துச் சொல்லிக் கொடுப்பாள், பேன் பார்ப்பாள், காய்ச்சல் என்றால் பக்கத்தில் உட்காருவாள், பெண் பிள்ளைகள் தூங்கும் கூடத்தில் மூலைக் கட்டிலில் படுத்துக்கொள்வாள். ஒரு பத்திரிகையில் படத்தோடு எழுதியிருந்தார்கள். அதைக் கத்தரித்து மருந்துக்கடைக்காரர் தன் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார். மாமனாருக்கு மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் மருமகள் அந்தப் படத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். "உங்க நாத்தனாருக்கு என்ன மனசும்மா," என்பார் அவர், சில்லறையை நீட்டியபடியே.

ஞாயிற்றுக்கிழமை தோறும் நாத்தனார் வீடியோவில் வருவாள். திரை முழுக்கப் பிள்ளைகள் முட்டி மோதும். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சாவி தொங்கும். கட்டிலுக்கு அடியில் ஆளுக்கொரு பெட்டி, அதற்கொரு பூட்டு. தனக்கென்று எதையும் வைத்துக்கொண்டு பழகாத பிள்ளைகள் என்பதால் வந்த அன்றைக்கே அதைத்தான் கொடுப்பார்களாம். மாமனார் நல்ல கையைத் தூக்கி ஆட்டுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் யாராவது உட்கார்ந்தால்தான் சாப்பிடுவேன் என்று வீம்பு பிடிக்கும் ஒரு சிறுமியை நாத்தனார் காட்டினாள். "பொறுமைதான்ப்பா வேணும், வேற ஒண்ணும் வேண்டாம்," என்றாள். அப்போது மருமகளின் ஒரு கையில் போன், மறு கையில் சாப்பாட்டுக் கிண்ணம். மாமனார் திரையைப் பார்த்துக்கொண்டே வாயை மூட மறந்துவிட்டார். "அப்பாவுக்குச் சட்டையில வழியுது பாரு, தொடைச்சு விடேன்," என்று அங்கிருந்தே நாத்தனார் சொல்லிக் கொடுத்தாள். மூன்றாவது கை இருந்தால் மருமகள் துடைத்திருப்பாள்.

அன்று மத்தியானம் இரண்டரை மணிக்கு அவர் மூச்சு மாறியது. அது எப்படி மாறும் என்று டாக்டர் வாயாலேயே ஊதிக் காட்டியிருந்ததால் மருமகளுக்குத் தெரிந்துவிட்டது. கணவனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்றுவிட்டது என்று காலையில் ஓடியவன், குழிக்குள் இறங்கியிருப்பான். அங்கே சிக்னல் கிடைக்காது. மகள் ஒன்பது வயதுக்காரி, பள்ளிக்கூடத்தில் இருந்தாள். மருமகள் டாக்டரைக் கூப்பிட்டாள்; இனி தான் வந்து செய்வதற்கு ஒன்றுமில்லை, பக்கத்தில் இருங்கள் என்றார் அவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் தலைமாட்டில் சும்மா உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமில்லை. ஈரத்துணியை எடுத்து உதட்டை நனைத்தாள்.

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"பாப்பா," என்றார்.

மருமகள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகுதான் உறைத்தது.

"எப்ப வந்த?"

'நான் மருமக, மாமா' என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அவர் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்ததே இல்லை. வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ முகங்களைச் சிரிக்க வைத்தவளுக்கு, தானாக வருகிற சிரிப்பு எது என்று நன்றாகத் தெரியும். அதை அழிக்க மனம் வரவில்லை.

"இப்பத்தான்ப்பா," என்றாள்.

அவர் கையைத் தேடினார். கொடுத்தாள்.

"உங்கம்மா போனப்ப..." என்று ஆரம்பித்து மூச்சு வாங்கினார். "உன்கிட்ட சொல்லாம இருந்திருக்கக் கூடாது. பரீட்சைன்னு நெனச்சேன். எல்லாத்தையும் முடிச்சிட்டு... அப்புறம் சொல்லிவிட்டேன். தப்பு. பெரிய தப்பு."

மருமகளுக்கு அந்தக் கதை அரைகுறையாகத் தெரியும். இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் மாமியார் நாலே நாள் காய்ச்சலில் இறந்தபோது நாத்தனார் வேறு ஊரில் கல்லூரிக் கடைசிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். படிப்பு கெட்டுவிடும் என்று காய்ச்சலையும் சொல்லவில்லை, சாவையும் சொல்லவில்லை. தகனம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்ட பிறகு தகவல் போயிற்று. அம்மாவின் புடவையை மடித்து வைத்திருந்த அலமாரியைத்தான் அவள் வந்து பார்த்தாள். கல்யாணமான புதிதில் கணவன் இதை ஒரு தரம் சொல்லிவிட்டு, இதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தான்.

"அதனாலதான் போயிட்டியா? என்னாலதானே போயிட்டே?" என்று கேட்டார் மாமனார்.

"இல்லப்பா."

"நெசமா?"

"நான் போனது உங்களால இல்லப்பா," என்றாள் மருமகள். குரல் எங்கிருந்தோ வந்தது. "மனசுல ஒண்ணும் வச்சுக்கல."

அவர் விரல்கள் அவள் கையை அழுத்தின. அவ்வளவு பலம் அந்த உடம்பில் மிச்சமிருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. கண்ணோரத்தில் வழிந்ததைத் துடைத்துவிட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவளும் மனுஷிதானே! மூன்று வருஷமாகக் காதில் விழாத ஒன்று, இப்படி வேறொருத்தி வேஷத்திலாவது விழுமா என்று ஒரு நப்பாசை. குனிந்து அவர் காதருகில் கேட்டாள்:

"மருமக உங்களை நல்லா பாத்துக்கறாளாப்பா?"

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். யோசித்து யோசித்து, கடைசியில் புகார் சொல்கிற குழந்தையைப்போலச் சொன்னார்:

"காதுல சோப்பு விட்டுட்டா."

மருமகள் துண்டின் நுனியைத் திரித்து அவர் வலது காதைத் துடைத்தாள். உண்மைதான், உள்மடிப்பில் நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதற்கப்புறம் அவர் ஒன்றும் பேசவில்லை. மூன்று நாற்பதுக்கு மூச்சு நின்றது. அடுத்த மூச்சு வரும் வரும் என்று அவள் காத்துக்கொண்டிருந்தபோது, வெளியே பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்தது. மகளை இறக்கிவிட்டுப் போனார்கள்.

கணவன் வந்து கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். கையெல்லாம் கிரீஸ். கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று கேட்டான். தூக்கத்திலேயே போய்விட்டார் என்றாள் மருமகள். ஒரு பொய் சொன்னவளுக்கு இன்னொன்று எளிதாக வந்துவிட்டது.

நாத்தனாருக்கு அவன்தான் போன் செய்தான். குளிர்ப்பெட்டி வரவழைக்கிறேன், இரண்டு நாள் வைத்திருக்கலாம், நீ வந்து முகத்தைப் பார்த்துவிடு என்று கெஞ்சினான். எத்தனை மணிக்குப் போனார் என்று அவள் கேட்டாள். சொன்னான்.

"எனக்காகப் போட்டு வைக்காதீங்கடா. நாளைக்கே முடிச்சிடுங்க," என்றாள். "இன்னும் பதினாலு பேர் இருக்காங்க. பாதியில விட்டுட்டு வர முடியாது."

கணவன் போனை வைத்துவிட்டு, "என்ன பக்குவம் பாத்தியா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஸ்பீக்கரில் வந்த அந்தக் குரலில் மருமகளுக்கு வேறென்னவோ கேட்டது. ரயிலைத் தவறவிட்டவர்கள் பதறுவார்கள். இவள் பதறவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தகனம் முடிந்தது. அதற்கும் இரண்டு நாள் கழித்து நாத்தனார் வந்து இறங்கினாள். தோளில் ஒரே பை. முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். வந்ததும் மருமகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பிறகு மகளின் முன்னால் தரையில் முட்டி போட்டு, கண்ணுக்கு நேராகப் பார்த்து, தாத்தா இல்லாதது எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அந்த வீட்டில் அதுவரை யாரும் அந்தக் குழந்தையிடம் அப்படிக் கேட்கவில்லை. மருமகளுக்குச் சுருக்கென்றது. இவள் நல்லவளாகவும் இருக்கிறாளே என்று எரிச்சலாகவும் இருந்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் ஸ்டேஷன் மாஸ்டரைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் தாவினார்கள். சிக்னல் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், மருந்துக்கடைக்காரர், எதிர்வீட்டு டீச்சர் என்று நாற்காலிகள் நிறைந்திருந்தன. ஏன் உடனே வர முடியவில்லை என்று டீச்சர் கேட்டே விட்டாள். நாத்தனார் பொறுமையாக விளக்கினாள். அந்தப் பிள்ளைகள் எல்லாரையும் ஒரு நாள் யாராவது சொல்லாமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போன அம்மா, தூங்கும்போது போன அப்பா. ஆகவே அங்கே தொண்டுக்கு வருகிறவர் யாரானாலும், இரண்டு வாரத்துக்குப் போனாலும், ஒவ்வொரு பிள்ளையையும் தனியே உட்கார வைத்து, கையைப் பிடித்து, மூன்று விஷயம் சொல்லிவிட்டுத்தான் வாசலைத் தாண்ட வேண்டும்.

"நான் போறேன். இந்த இடத்துக்குப் போறேன், இந்தத் தேதிக்கு வருவேன். நான் போறது உன்னால இல்ல. இந்த மூணும்தான்," என்றாள் நாத்தனார்.

மருமகள் தேநீர்த் தட்டோடு வாசற்படியில் நின்றுவிட்டாள்.

"நம்புமா பிள்ளைங்க?" என்று கேட்டார் சிக்னல்காரர்.

"நம்பாது. மூணாவதை ஒரு பிள்ளையும் நம்பாது. ஆனாலும் சொல்லணும். சொல்லலைன்னா தன்னாலதான்னு ஆயுசு முழுக்க நெனச்சுக்கிட்டே இருக்கும்."

மருந்துக்கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற அப்பாவின் சாவைவிட அநாதைப் பிள்ளைகளின் மனசு பெரிது என்று நினைக்க யாருக்கு வரும் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். மருமகள் தட்டை நீட்டினாள். ஒரு டம்ளர் குறைந்தது. தனக்கு ஊற்ற மறந்திருந்தாள்.

அடுத்த நாள் கணவன் இறப்புச் சான்றிதழ் விஷயமாக அலுவலகத்துக்குப் போயிருந்தான். மகள் பள்ளிக்கூடத்தில். பெண்கள் இருவருமாக மாமனாரின் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். மாத்திரை அட்டைகள், பழைய விசில், காது கேட்கும் மெஷின். நாத்தனார் ஒரு சட்டையை மடித்து வைத்துவிட்டு மருமகளின் தோளில் கை வைத்தாள்.

"நீ ரொம்பப் பண்ணியிருக்கே. நன்றி. இனிமே உனக்கும் கொஞ்சம் ஓய்வு."

எவ்வளவோ காலமாகக் காத்திருந்த வார்த்தைதான். வந்தபோது, பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்த பிள்ளைக்குக் கொடுக்கிற மிட்டாய்போல இருந்தது. தோளை விலக்கிக்கொண்டாள்.

"கடைசியா அப்பா ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள் நாத்தனார், அலமாரிக்குள் பார்த்தபடி. "தம்பிகிட்ட தூக்கத்துல போயிட்டார்னு சொன்னியாமே."

மருமகளுக்கு அந்த வார்த்தைகள் நாலு நாளாக நெஞ்சில் கனத்துக்கொண்டிருந்தன. வேறு வீட்டுக்கு வந்த தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துக்கொண்டவள்போல முழித்துக்கொண்டிருந்தாள். கொடுத்துவிட வேண்டும் என்று நியாயம் சொன்னது. கொடுத்தால் இவளுக்கு வலிக்கும் என்பதும் தெரிந்தது. இரண்டில் எது அவளைப் பேச வைத்தது என்று கேட்டால், இரண்டும்தான்.

"உங்களைக் கேட்டார், அண்ணி. நான்தான் நீங்கன்னு நெனச்சுட்டார். பாப்பா எப்ப வந்தேன்னு கேட்டார்."

நாத்தனார் திரும்பினாள்.

"நான் இப்பத்தான்ப்பான்னு சொல்லிட்டேன். உங்கம்மா விஷயத்துல தப்புப் பண்ணிட்டேன்னார். என்னாலதான் போயிட்டியான்னு கேட்டார்."

"அவர் கேட்டாரா? வாயைத் தொறந்து?"

"கேட்டார்."

நாத்தனார் மெத்தை எடுக்கப்பட்ட கட்டிலின் இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்தாள்.

"நீ என்ன சொன்னே?"

"உங்களால இல்லன்னு சொன்னேன். மனசுல வச்சுக்கலன்னு சொன்னேன்."

தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள்.

"ஆமான்னு சொல்லியிருக்கணும்," என்றாள் நாத்தனார். "இருபத்துநாலு வருஷமா அந்த ஒரு கேள்விக்குப் பதில் வச்சிருந்தேன். ஆமாம்ப்பா, உங்களாலதான் போனேன். அதைச் சொல்லிட்டு, அப்புறமா வேணா பரவாயில்லன்னு சொல்லலாம்னு இருந்தேன். அவர் கேக்கவே இல்ல. எத்தனை ஞாயித்துக்கிழமை! சாப்பிட்டியா, குளிரா, பிள்ளைங்க எப்படி. அதைத் தவிர எல்லாத்தையும் கேட்டார்."

"சாகப் போற மனுஷர்கிட்ட நான் வேற என்ன சொல்றது?"

"உன்னை யார் என் வாயால பேசச் சொன்னா?"

"யாரும் சொல்லல. மூணு வருஷமா இந்த வீட்டுல என்கிட்ட யாரும் எதையும் கேட்டுட்டுச் செய்யச் சொல்லல, அண்ணி. எதிர்ல நான்தான் இருந்தேன். நீங்க இருந்திருக்கலாம். டாக்டர் சொன்ன அன்னிக்கே போன் பண்ணேனே."

நாத்தனார் சிரித்தாள். பார்க்க நன்றாக இல்லை.

"அவசரம்னா எல்லாப் பிள்ளைங்களையும் ஒண்ணா உக்கார வச்சுச் சொல்லிட்டுக் கிளம்பலாம். அதுக்கும் வழி இருக்கு. ஒரு மணி நேரம். நான்தான் ஒவ்வொருத்தரா இழுத்தேன்."

மருமகளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் முடிஞ்சு, வீட்டைக் கழுவி விட்டப்புறம் வந்து நிக்கணும்னு இருந்துச்சு," என்றாள் நாத்தனார். "அவர் எனக்குச் செஞ்ச மாதிரியே. நாளைக்கு நாளைக்குன்னு நானே என்னை ஏமாத்திக்கிட்டேன்னு வச்சுக்கயேன்."

"அவர் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தார்."

"தெரியும்."

"நீங்க வர்றீங்கன்னு அன்னிக்குக் காலையில ஷேவ் பண்ணி விடச் சொன்னார்."

இது தெரியாது போலிருக்கிறது. நாத்தனாரின் வாய் கோணியது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அழவில்லை. இப்போதும் சத்தம் வரவில்லை, முதுகுதான் குலுங்கியது. மருமகள் பக்கத்தில் போகவில்லை. போயிருக்கலாம். இரண்டடி தூரம்தான். அங்கேயே நின்று, தன் மாமனாரைக் காக்க வைத்துக் கொன்றவள் அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் இதைச் சொன்னே?" என்று விரல்களுக்கு நடுவிலிருந்து கேட்டாள் நாத்தனார்.

மருமகள் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டுக் கட்டினாள்.

"உன்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல," என்றாள். காதில் போன சோப்பை மட்டும் அவள் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

இரண்டு வாரம் இருப்பதாக வந்த நாத்தனார் மறுநாளே டிக்கெட்டை மாற்றிக்கொண்டாள். கணவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பள்ளியில் ஆள் இல்லையாம் என்று மருமகளிடம் வந்து சொன்னான், ஏதோ அவள் சமாதானம் கேட்டதுபோல.

கிளம்புகிற அன்று காலையில் நாத்தனார் தன் சட்டப்படியே எல்லாம் செய்தாள். தம்பியைச் சோபாவில் உட்கார வைத்துக் கையைப் பிடித்துச் சொன்னாள்; அவன் தேம்பித் தேம்பி அழுதான். மகளை ஜன்னலோரம் கூட்டிக்கொண்டு போய், முட்டி போட்டு உட்கார்ந்து, மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறகு வீட்டுக்குப் பின்னால் வந்தாள். மருமகள் குழாயடியில் மாமனாரின் படுக்கை விரிப்புகளை ஊறவைத்துத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் ஈரத் தரை என்றும் பாராமல் எதிரே குந்தி உட்கார்ந்தாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

"கை ஈரம், அண்ணி," என்றாள் மருமகள்.

நீட்டிய கைகள் அப்படியே முழங்காலுக்குத் திரும்பின.

"நான் போறேன். பள்ளிக்கூடத்துக்குத்தான். அடுத்த வருஷம் இதே மாசம் வருவேன்," என்றாள் நாத்தனார். அடுத்ததைச் சொல்லுமுன் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நான் போறது உன்னால இல்ல."

குரல் ஆடவில்லை. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அறுபத்துநான்கு தரம் சொல்லிப் பழகிய வாய். அந்த வார்த்தையை எப்படிச் சொல்ல முடியும் என்று மருமகளுக்கும் தெரியும். அவளும் ஒரு தரம் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அவர் நம்பியிருப்பாரா என்று முதல் முறையாக அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"சரி, அண்ணி. பாத்துப் போயிட்டு வாங்க," என்றாள்.

கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. கணவன் விமான நிலையம் வரை கூடப் போனான். மருமகள் சோப்பை அலசிவிட்டுக் குழாயை மூடினாள்.

மகள் வந்து வாசற்படியில் நின்றாள். எதையோ கேட்கத் தயங்குகிறவள்போலக் காலால் தரையைத் தேய்த்தாள்.

"அம்மா, அத்தை போறது என்னால இல்லையாம்."

"ம்."

"நான் என்னம்மா பண்ணேன்?"

மருமகள் வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியது 'ஒண்ணுமில்ல' என்ற ஒரே வார்த்தைதான். அது வரவில்லை. வாளியிலிருந்து விரிப்பை எடுத்து ஒரு நுனியை மகளிடம் நீட்டினாள்.

"இதைக் கெட்டியாப் பிடி," என்றாள்.

மகள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். ஆளுக்கொரு பக்கமாக முறுக்கினார்கள். துணி இறுகிக்கொண்டே வந்தது. தண்ணீர் நிற்கிற வரைக்கும் முறுக்கினார்கள்.